சித்தி பிரித்த தையல்

ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை எங்கள் சித்தி அடுப்பில் வைத்து எரித்ததை நான் பார்த்தேன். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னதான் பார்த்தாய் என்று கேட்பவர்கள், குண்டு விழுந்ததைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். சிப்பாய்க்குக் குனிந்து வணங்க மறந்தவர் வாங்கிய அறையைச் சொல்வேன் என்றும் நினைக்கிறார்கள். அவற்றையும் பார்த்தேன். ஆனால் ஒன்பது வயதில் நான் பயந்துபோனது அந்த அடுப்புக்கு முன்னால்தான்.

சித்தி என்பது என் அப்பாவின் தம்பி மனைவி. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டில் எல்லோரும் இருந்தோம். சண்டைக்கு முன்பு, நாகப்பட்டினத்துக் கப்பல் வரும்போதெல்லாம் வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். சித்தி அவற்றிலிருந்து தொடர்கதைகளை மட்டும் வெட்டி எடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி, கதை முடிந்ததும் சாக்கு ஊசியில் நூல் கோத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டையைப் போட்டுப் புத்தகமாக்கிவிடுவாள். ஒரு பெரிய தகரப் பெட்டி நிறைய அப்படிச் சேர்ந்திருந்தது.

அந்தப் புத்தகங்களுக்குச் சட்டங்கள் உண்டு. மூலையை மடிக்கக் கூடாது. எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. கிழிந்தால் அன்றைக்கே மரவள்ளி மாவில் பசை காய்ச்சி ஒட்டிவிட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தொடவே கூடாது. நான் ஒருமுறை மூலை மடித்து மாட்டிக்கொண்டபோது சித்தி திருகிய காது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வரை எரிந்துகொண்டிருந்தது.

கப்பல் நின்றுபோனது. புதிய கதை வரும் வழியே இல்லை. படிப்பவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள், செந்தூலில் இருந்து நடந்து வருகிறவர்கள், ரயில் கிடைத்தால் கிள்ளானிலிருந்து வரும் அத்தை என்று எல்லோருக்கும் அந்தத் தகரப் பெட்டிதான் கதி. அதனால் சித்தி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவள் முதலில் முடிவைச் சொல்ல வேண்டும். படிக்காமலே ஒப்பேற்றப் பார்த்தவர்களைச் சித்தி இரண்டே கேள்வியில் பிடித்து, அதே புத்தகத்தோடு திருப்பி அனுப்பிவிடுவாள். முடிவைச் சரியாகச் சொன்னவளுக்கு ஓர் உரிமை உண்டு. அந்தக் கதை அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை அவள்தான் சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான். சித்தியே மறுக்க முடியாது.

புத்தகம் படிப்பதைவிட இந்தப் பெயர் சொல்லும் சடங்குதான் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தோன்றும்.

“இது மாமியார் கதை. ஆறாம் வீட்டுக்குக் கொடுங்க. அவங்க மாமியார் காதுல விழற மாதிரி சத்தமா வாசிக்கட்டும்.”

“இந்தக் காதல் கதைய அவகிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க. ஏற்கெனவே கிழங்கு தீயுது அவ வீட்ல!”

மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் வேகாத அந்த நாட்களில், எங்கள் குழாயடியில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் யாரோ யாருக்கோ ஒரு நாவலைச் சிபாரிசு செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படித்தான் ஒருநாள் கிள்ளான் அத்தை வந்தாள். கையில் சித்தியின் பெட்டியிலேயே சிறந்த கதை. கணவன் மரம் அறுக்கும் வேலைக்கு ரங்கூன் போகிறான். அறுவடைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். மனைவி படகுத்துறையில் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவனுடைய பெட்டி மட்டும் வந்து சேர்கிறது. சித்தி குளிக்கப் போகும் நேரங்களில் நான் அதைத் திருட்டுத்தனமாகப் படித்து முடித்திருந்தேன்.

அத்தை முடிவைச் சித்தியின் காதில் சொல்லி, மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்தாள். குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“அடுத்து இந்தப் புள்ளைக்குத்தான்,” என்றாள் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி. “என்னா கதை லா! புருஷன் ஊருக்குப் போறான், இவ காத்துக்கிட்டே இருக்கா. முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்.”

குழாயடியில் யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் கணவர் சாலாக் செலாத்தானில் லோரி ஓட்டியவர். அத்தை போன தடவை வந்துபோன பிறகு, அவரை லோரியோடு சேர்த்து ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. கிள்ளானில் இருக்கும் அத்தைக்கு அது தெரியாது.

சித்தி அவசரமாக வாசலுக்கு வந்து, “அது நூல் விட்டுப்போச்சு, தச்சுத் தரேன். வேற ஒண்ணு எடுத்துக்கயேன்,” என்றாள்.

அக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி, “இல்லக்கா. எனக்குன்னு சொன்னது எனக்கே வரட்டும். தச்சே கொடுங்க,” என்றாள்.

அன்று மத்தியானம் அடுப்பு ஊதச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போனால், சித்தி தரையில் உட்கார்ந்து ஊசி முனையால் அந்தப் புத்தகத்தின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாள்களை உருவினாள். மற்றதைத் தட்டி அடுக்கி, அதே ஓட்டைகளில் நூலைக் கோத்து மறுபடி தைத்தாள். தைத்த அழகைப் பார்த்தால் அங்கே எதுவும் இருந்ததாகவே தெரியாது. பிறகு உருவிய தாள்களை எடுத்து அடுப்புக்குள் வைத்தாள். எதுவும் நடக்காததுபோல, விறகை நகர்த்துகிற அதே கையால் வைத்தாள்.

“சித்தி! அது கதை!”

“தெரியும்.”

“முடிவு சித்தி அது! இனி எங்கேர்ந்து கிடைக்கும்?”

“அது முடிவுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?”

நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காதைத் திருகவில்லை. அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

“ஏன் சித்தி எரிச்சீங்க?”

“வச்சிருந்தா எவளாவது கேப்பா,” என்றாள். “வெளிய மூச்சு விட்ட, இதே ஊசியால உன் வாயையும் தச்சிடுவேன்.”

லோரிக்காரர் சயாமுக்குப் போனதும் எனக்குத் தெரியும். நாவலின் முடிவும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மூலை மடித்தால் காதைத் திருகுகிறவள், இந்த மலாயாவிலேயே ஒரே பிரதியாக இருந்திருக்கக் கூடிய ஒரு அத்தியாயத்தைச் சாம்பலாக்கிவிட்டாள் என்பதுதான். அக்கா புத்தகத்தை வாங்கிப் போனாள். கடைசித் தாள்கள் எங்கே என்று கேட்டு இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். குழாயடியில் அவளைப் பார்த்தால் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன். கேட்டுவிட்டால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

அவள் கேட்கவில்லை. புத்தகத்தை ஒரு துவைத்த துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு காலை நேரத்தில் வந்தாள். சித்தி அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “கிழங்கு வேக வச்சிருக்கேன், சாப்பிடறியா?” என்றாள். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்கவே இல்லை.

“முடிவு கேக்கலியா அக்கா?” என்று பக்கத்து வீட்டு அக்காவே சித்தியிடம் கேட்டாள்.

“சொல்லு,” என்றாள் சித்தி, பெட்டியைப் பார்த்தபடியே.

“அவரு வந்துடறாரு. விடியக்காலம் படகு வருது. எல்லாரும் எறங்கிப் போயிடறாங்க, கடைசியா இவரு எறங்கறாரு. ரொம்ப எளைச்சுப் போயிருக்காரு. அவளுக்கே மொதல்ல அடையாளம் தெரியல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. ஏதாச்சும் சாப்டீங்களான்னு கேக்கறா. அதோட முடிஞ்சுபோகுது.”

சித்தி தலையை ஆட்டினாள்.

“அடுத்து, கடைசி வீட்டு அம்மாவுக்குக் கொடுங்க,” என்றாள் அக்கா. “போன வாரம் அவங்க மகனையும் லோரில ஏத்திட்டாங்கல்ல. வேற ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. இப்படியே கொடுங்க.”

நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். படகு ஏது? விடியக்காலம் ஏது? சாப்பிட்டீர்களா என்று எவள் கேட்டாள்? கதையில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. புத்தகத்தைப் படிக்கவே இல்லை, பாதியிலேயே போட்டுவிட்டு வாய்க்கு வந்ததை அளக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை பேரை இரண்டே கேள்வியில் பிடித்த சித்தி இப்போதாவது பிடிப்பாள் என்று காத்திருந்தேன். சித்தி பிடிக்கவில்லை. பெட்டியின் அடியில் கையை விட்டு, இதுவரை யாருக்கும் கொடுக்காமல் பதுக்கி வைத்திருந்த ஒரு தடித்த நாவலை எடுத்து, அவள் கேட்காமலே அவள் கையில் வைத்தாள். புளுகியவளுக்குப் பரிசு! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், நான் அம்மாவைத் தேடிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.