சீப்பு முதலில், தண்ணீர் அப்புறம்

சீப்பக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரில் கூப்பிட இப்போது அவள் அம்மா மட்டும்தான் மிச்சம். பதினோரு வருடம் அழகு நிலையத்தில் பெண்களுக்கு முடி வெட்டியவள், ஒருநாள் கத்தரிக்கோலோடு நாய்களிடம் வந்துவிட்டாள். "இதுங்க கண்ணாடியப் பாத்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது" என்பாள்.

கடையில் ஒரு மேசை, ஒரு தொட்டி, காதைப் பிளக்கும் உலர்த்தி. வருகிறவை மடியில் உட்காரும் ரகம் இல்லை. மலையேறுகிறவர்களோடும் ஓடுகிறவர்களோடும் அலைந்துவிட்டுப் பாதிக் காட்டை உடம்பில் சுமந்து வருபவை. அவள் கடையில் ஒரே சட்டம்: சீப்பு முதலில், தண்ணீர் அப்புறம். நனைந்தால் சிக்கு இறுகிவிடும். சீப்பில் வருவதையெல்லாம் வெள்ளைத் துண்டில் தட்டிப் பார்ப்பாள். எந்தப் பாதையில் எது ஒட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அன்று சனிக்கிழமை. பத்தரைக்கு ஓய்வுபெற்ற தபால்காரரின் நாய்க்கு முறை. நாய்க்குப் பெயர் மூட்டை. பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. எப்போதும் அவர்தான் அழைத்து வருவார். அன்று அவர் மனைவி வந்தார், செருப்பு ஜோடி மாறியிருந்தது.

"விடிகாலைல ஆத்தங்கரைக்கு நடக்கப் போனவரு, சீப்பு. ஒம்பது மணிக்கு இது மட்டும் தனியா வந்து நிக்குது. ரெண்டு நாள் மழைல ஆறு எப்படி ஓடுதுன்னு பாத்தியா? போலீஸு கரையெல்லாம் தேடுறாங்க, என்னை வீட்ல இருன்னுட்டாங்க. என்னால உக்கார முடியல. இதையாவது குளிப்பாட்டிக் குடு."

சொல்லிக்கொண்டே குழாயை அவரே திறக்கப் போனார். சீப்பக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணி வேண்டாங்க்கா. ஒரு நிமிஷம்."

மூட்டையை மேசையில் ஏற்றி வயிற்றிலிருந்து வாரத் தொடங்கினாள். மழைக்குப் பிறகு ஆற்றங்கரையில் நடந்த நாய் என்றால் வயிறு வரை கருஞ்சேறு அப்பியிருக்க வேண்டும். துண்டில் ஒரு துளி கருப்பு இல்லை. கோரைப்புல் விதையும் இல்லை. ஒரு காலின் விரலிடுக்கில் சுண்ணாம்புபோல் வெள்ளைச் சேறு காய்ந்திருந்தது. தோளில் பைன் பிசின்.

"அண்ணன் ஆத்துப் பக்கமே போகலக்கா."

அந்த அம்மாள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "பின்ன எங்க?"

வெள்ளைச் சேறு கல்குவாரியில் மட்டும்தான் உண்டு. பிசினும் சேர்ந்து வருவது குவாரிக்குப் பின்னாலிருக்கும் பைன் மேட்டில். ஓட்டப் பந்தயக்காரி ஒருத்தியின் நாய் மாதம் இரண்டு முறை இதே இரண்டையும் கொண்டுவரும். ஆனால் கணக்குத் தப்பினால்? ஆற்றில் தேடுகிறவர்களைத் திருப்பிவிட்ட பாவம் தன் தலையில்தான். மற்ற மூன்று கால்களையும் வாரினாள். மூன்றிலும் வெள்ளை. பிறகுதான் போனை எடுத்தாள்.

"நாய் சொல்லுச்சாம்மா?" என்றார் மறுமுனையில் காவலர்.

"நாயோட முடி சொல்லுது சார். ஆத்துல தேடுறவங்க தேடட்டும். ரெண்டு பேர மட்டும் குவாரி மேட்டுக்கு அனுப்புங்க."

நாற்பது நிமிடம். அந்த அம்மாள் மூட்டையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். சீப்பக்கா சுத்தமாக இருந்த மேசையை இரண்டு முறை துடைத்தாள்.

போன் அடித்தது. கணுக்கால் பிசகி ஒரு பைன் மரத்தடியில் சாய்ந்திருந்தாராம். செல்போன் பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். ஆளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூட்டை வீட்டுக்கு வந்துருச்சா?"

காவலர் அங்கே தபால்காரரிடம் போனைக் கொடுக்க, சீப்பக்கா தன் போனை அந்த அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"முட்டி ஆபரேஷன் பண்ணவரு மேடு ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ஆத்தங்கரை, சமதரைன்னு எத்தனை மாசமா இந்தக் கதை? ஒரு கால்தான பிசகியிருக்கு? இன்னொரு காலை நான் பாத்துக்கறேன், வாங்க."

போனை வைத்துவிட்டு அவர் சீப்பக்காவைப் பார்த்தார். "இனிமே அந்த மனுஷன் எங்க போனாருன்னு அவருகிட்டக் கேக்கமாட்டேன். உன்கிட்டதான் கேப்பேன்."

சீப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வேலை இன்னும் பாக்கி இருந்தது. வெந்நீரைத் திறந்தாள். இன்றைக்குத் தப்பித்தோம் என்று நம்பிக்கொண்டிருந்த மூட்டை, சத்தம் கேட்டதும் குதித்திறங்கி மேசைக்கு அடியில் புகுந்தது.