மரியமலரின் நீலச் சிலுவைகள்

மாதா கோவிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போதும் மரியமலரின் மற்றக் கை கைப்பையை விடாது. ஜெர்மனியில், எசன் நகரில் அவளுடைய வீட்டுக்கு மேல்மாடியில்தான் நெடுங்காலமாக இருக்கிறேன். நான் மணியடித்தாலும் கதவுத் துளையால் பார்த்து, "ஆர்?" என்று கேட்டுத்தான் திறப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. மன்னாரிலிருந்து வரும் வழியில், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று தாலியையும் சங்கிலியையும் வாங்கிய பயண ஏஜென்சிக்காரன் அப்படியே மறைந்துவிட்டான். மிஞ்சியது பையின் அடியில் கிடந்த சிவப்புக் கலியாணக் கூறைச்சேலை ஒன்றுதான். புருசனும் செத்த பிறகு அந்தச் சேலையில் அவளுக்கு உயிர்.

2007இல் மகள் நடாலிக்கு மியூனிக்கில் தாதிமாருக்கான ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சிக்கு இடம், கிடைத்தது. அவள் சேலை உடுக்கிற பிள்ளையில்லை. "அலுமாரியிலை கிடந்து என்ன செய்யப்போகுது அம்மா? போர்வையாத் தாங்கோ, போத்துக்கொண்டு படுக்கிறன்" என்றாள். மரியமலர் கொஞ்சம் அழுதுவிட்டுச் சம்மதித்தாள். நடாலியின் சின்ன வயதுச் சட்டைகளை வெட்டிச் சதுரம் சதுரமாகப் பொருத்தி, கூறையின் சரிகைக் கரையைச் சுற்றிவரத் தைத்து மேற்பக்கத்தை முடித்தாள். கரை போன வெறும் சிவப்புப் பட்டு அடிப்பக்கத்துக்கு.

நடுவில் பஞ்சு வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வீட்டு மெஷினால் ஏலாது. பக்கத்து ஊரான ஹற்றிங்கனில் ஹெல்கா என்ற டொச்சுக்காரியிடம் அதற்கென்றே மெஷின் இருந்தது. கட்டிலைவிட நீளமான சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மெஷினையே நகர்த்தித் தைப்பாள். என் போர்வைகளை அவள்தான் தைத்தாள். நான்தான் மரியமலருக்கும் அவளைச் சொன்னேன், பிறகு என்னையே நொந்துகொண்டேன்.

ஹெல்கா கேட்டது அதிகமில்லை. நூல் பிசிறுகளை வெட்டி, சுருக்கமில்லாமல் அயன் பண்ணி, மேற்பக்கம் எது என்று அடையாளம் வைத்து, மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அடித்துணி மட்டும் நாலு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும்.

"ஏன் ஒரு சாண்?" என்று மரியமலர் என்னைக் கேட்டாள்.

"சட்டத்திலை பிடிச்சு இழுக்கவேணும், அதுக்கு."

"எங்கடை தையல்காரனும் இப்பிடித்தான் அரை யார் துணி கூடக் கேப்பான். பிறகு அவன்ர பிள்ளை அதிலை சட்டை போட்டுக்கொண்டு பூசைக்கு வரும்."

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் மூன்றையும் அடுக்கிக் குறுக்கும் நெடுக்கும் நூலோட்டி வைத்திருக்கிறாள். தனித்தனியாகக் கொடுத்தால் ஹெல்கா பட்டுத்துணியை மாற்றிப்போடுவாளாம். இப்படிக் கொடுத்தால் ஹெல்கா தொடவே மாட்டாள் என்று கத்தி, பக்கத்தில் இருந்து நூலைப் பிரிக்க வைத்தேன். பிறகு அயன் பண்ணினாள். கலியாணத்தன்று மெழுகுதிரி சொட்டிய பொட்டளவு கறை ஒன்று பட்டின் நடுவில் இருந்தது. அதில் சூடு படாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

அவள் செய்த இன்னொரு வேலை அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. உடுப்புகள் மாறாமல் இருக்க அங்கே அடையாளம் தைப்பார்கள். அதேபோல அடித்துணியின் நாலு மூலையிலும், ஓரத்தோடு ஓரமாக, நீல நூலால் சின்னச் சிலுவை தைத்துவிட்டாள்.

போர்வையை எடுக்க நடாலி கார் ஓட்டினாள், நானும் போனேன். ஹெல்கா மேசையில் விரித்துக் காட்டினாள். அலை அலையாகத் தையல், கண்கொள்ளாத அழகு. மரியமலர் அழகைப் பார்க்கவில்லை. மூலைகளைத் திருப்பினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முகம் கறுத்துப்போனது.

"இது என்ர கூறையில்லை."

"அம்மா, சும்மா இருங்கோ" என்றாள் நடாலி.

சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த டொச்சு மொழியில் ஹெல்காவின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "என்னுடையது இல்லை. நீ மாத்திப்போட்டாய்."

எனக்கு நிலம் பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. ஹெல்கா கோபப்படவில்லை, உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். தைத்து முடித்ததும் சுற்றிவர வெட்டிய மிச்சம் அது. ஒரு நூல்கூட விடாமல் மடித்து வைத்திருந்தாள். மூலைத் துண்டுகளில் நீலச் சிலுவைகள் அப்படியே இருந்தன.

"எல்லாரிடமும் அடையாளம் வைக்கச் சொல்வேன். நாலு மூலைக்கும் வைத்தது நீங்கள் ஒருவர்தான். எவ்வளவு கவனம்" என்றாள் ஹெல்கா.

மரியமலர் மன்னிப்புக் கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காரில் நடாலி வெடித்தாள். "நூலைத் தேடினீங்கள் அம்மா. உங்கடை கூறையை ஒருக்காத் தொட்டுப் பாக்கேல்லை. என்னையும் இப்பிடித்தான். ராவிலை என்ர பையைக் கிண்டுறீங்கள், என்ர முகத்தைப் பாக்கிறேல்லை. அதுக்குத்தான் நான் மியூனிக் போறன்."

மரியமலர் மடியிலிருந்த போர்வையைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு பட்டைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அலைத் தையல் இரண்டுக்கு நடுவில் அந்த மெழுகுக் கறை. உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"இஞ்சை கையைத் தா" என்று மகளின் விரலை இழுத்து அந்தக் கறையில் வைத்தாள். "கலியாணத்தண்டு உன்ர அப்பான்ர கையிலை இருந்த மெழுகுதிரி சொட்டினது. மியூனிக்கிலை தோய்க்கக் குடுத்தா, திரும்பி வரேக்கை இதைத் தொட்டுப் பார். அங்கையும் மாத்திப்போடுவாங்கள்."

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நடாலி விரலை எடுக்கவில்லை, தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.