பின்பக்கத்துப் பன்னிரண்டு பட்டன்கள்

என் கல்யாண ஜாக்கெட்டை நானே தைத்துக்கொண்டேன். துணியை வெட்டியது ஐம்பதாம் வருஷம் நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைசிப் பட்டனை வைத்தது ஜனவரியில், கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு, வெள்ளிக்கிழமை. இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. எத்தனை கெஜம் துணி, கைக்கு எத்தனை சுருக்கம், எந்தக் கிழமை ஊசி உடைந்தது என்பது வரை இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்போது ராயபுரத்தில் ஒரு பெரிய வீட்டின் மாடிப் போர்ஷனில் இருந்தேன். அம்மா எனக்கு ஒன்பது வயதில் போனாள். அப்பா தெற்கிலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்தவர். அவரும் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடையைக் கைமாற்றிவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். காலைச் சங்கு ஊதினால் எழுந்து, மாலைச் சங்குக்கு வீடு திரும்பி, கொடுக்காப்புளி மரத்தடி வாசகசாலையில் எடுத்த புத்தகத்தை விளக்கேற்றும் வரை படிப்பேன். ஞாயிறு கோயிலுக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். இருபத்தேழு வயது.

போதகர் ஒரு வரன் சொன்னார். திருவொற்றியூரில் வீடு, துறைமுகத்தில் கிளார்க் வேலை, அதிகம் பேசாத மனிதர். சம்மதித்தேன். கல்யாணம் ஜனவரியின் கடைசிப் புதன், தவக்காலம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு.

எங்கள் வழக்கத்தில் வெள்ளைப் பட்டுப்புடவையும் வலை முக்காடும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது. ஜாக்கெட்டும், பெண்ணுக்கு உடுத்திவிடுவதும் பெண் வீட்டார் பொறுப்பு. புடவை கொண்டுவந்த அன்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டாள்: “உடுத்திவிட ஆள் இருக்குல்லா? இல்லன்னா நான் வாரேன். அதுல ஒண்ணும் இல்ல.”

“இருக்கு” என்றேன். என்னைத்தான் நினைத்துச் சொன்னேன்.

ஜாக்கெட்டுக்கு மாதிரி அம்மாவின் கல்யாணப் போட்டோ. கழுத்தை மூடிய காலர், அதில் ஒரு வரிசை லேஸ், தோளில் உப்பி மணிக்கட்டில் இறுகும் நீளக் கை. அன்றைக்கு எல்லோரும் குட்டைக் கை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்மண்டபம் பக்கம் ஒரு தையல்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு, “நாடகக் கம்பெனிக்கா தாயீ?” என்று கேட்டார். போட்டோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவின் கைமெஷின் வீட்டில் இருந்தது.

போட்டோவில் முன்பக்கம் திறப்பே கிடையாது. அப்படியானால் திறப்பு பின்னால் இருந்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷம். கழுத்திலிருந்து இடுப்பு வரை பன்னிரண்டு சின்னப் பட்டன்கள், துணி சுற்றியவை. எதிர்ப்பக்கம் காஜாவுக்குப் பதில் அதே துணியில் பன்னிரண்டு வளையங்கள். அளந்து பார்க்கத் துணைக்கு ஆள் இல்லாததால் ஒரு உபாயம் செய்தேன். கழுத்தருகே தலை நுழைய மட்டும் விட்டு, முதுகுப் பக்கத்தைத் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு மூடி, இடது விலாத் தையலைத் திறந்துவிட்டு, அதன் வழியாக நுழைந்து போட்டுப் பார்த்தேன். ஏழு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்ன திருத்தினேன் என்று குறிப்பு இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை விலாவைத் தைத்து மூடினேன். முதுகைப் பிரித்தேன். பட்டன் வைத்தேன். சனிக்கிழமை காலை போட்டுப் பார்க்கையில்தான் தெரிந்தது. மேலே நான்கு பட்டன் கை எட்டியது. கீழே ஐந்து எட்டியது. நடுவில் மூன்று, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, எந்தக் கையை எந்தப் பக்கம் வளைத்தாலும் எட்டவில்லை.

இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குரோஷா ஊசியால் வளையத்தை இழுத்தேன். முன்பின்னாகப் போட்டு, பட்டனைப் பூட்டி, உள்ளுக்குள்ளேயே சுழற்றிவிடலாமா என்று பார்த்தேன். உப்பிய கை விடவில்லை. முன்பக்கத்தை வெட்டித் திறந்து விடலாம். கத்தரிக்கோலை எடுத்தும் விட்டேன். ஆனால் வெட்டினால் அது அம்மாவின் ஜாக்கெட் இல்லை. அம்மா வீட்டார் என்று அந்தக் கோயிலில் என் பக்கம் நிற்கப்போவது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் “இருக்கு” என்றது பொய்யென்று ஆகும். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். மிஞ்சியது கீழ் போர்ஷன் மீன்காரம்மா.

அவள் புருஷனும் கொழுந்தனும் கட்டுமரத்தில் போவார்கள். அவள் கரையில் மீனை எடுத்து விற்பாள். அப்பா இருந்தவரை அவளிடம்தான் மீன் வாங்குவோம். விற்காமல் மிஞ்சியதை மொட்டைமாடியில் காயப்போடுவாள். என் அறை ஜன்னல் மாடியைப் பார்த்தது. அப்பா போன சில மாதத்தில் நான் வீட்டுக்காரருக்கு ஒரு புகார்க் கடிதம் டைப் செய்தேன். எந்தெந்த நாள் என்ன காய்ந்தது, எத்தனை மணிநேரம் நாறியது என்று தேதிவாரியாக. வீட்டுக்காரரின் கணக்கப்பிள்ளை அதை முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தார். அதன் பிறகு அவள் கூடையைத் தலையில் வைத்துக் கடற்கரைக்கே நடந்து போய்க் காயவைத்தாள். குழாயடியில் நான் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஏறக்குறைய இரண்டு வருஷம் பேச்சில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் கீழே போனேன். வாசலில் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே? தேதி போட்டு எய்த வந்தியா?”

“இல்லை. ஒரு உதவி வேணும்.”

“திங்கக்கெயமை நெத்திலி. வியாயக்கெயமை வாளை. கணக்கப்புள்ள படிக்கச்சொல்லோ நானே அசந்து பூட்டேன். என் மீனு எனக்கே இவ்ளோ நாபகம் இல்ல.” வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்லு, இன்னா?”

சொன்னேன். மூன்று பட்டன், கை எட்டவில்லை.

“பட்டனத் தூக்கி முன்னால வெச்சுட்டுப் போவியா, அத வுட்டுட்டு!”

“எங்க அம்மா போட்டோவில் பின்னால்தான் இருக்கு.”

“உங்கம்மாவுக்குப் பின்னால ஆளு இருந்துகீது.”

திரும்பி மாடிப்படி வரை வந்துவிட்டேன். அங்கிருந்தபடியே அவள் குரல் கொடுத்தாள்: “எத்தினி மணிக்கு?”

“ஒன்பதரைக்கு வண்டி வரும்.”

“அது கட்டுமரம் கரையேற நேரம். நான் கரைல இல்லன்னா மீன அவனுங்க அடிமாட்டு வெலைக்குக் குடுத்துருவானுங்க. வந்தா வரேன். வரலன்னா முந்தானையப் போட்டு மூடிக்க.”

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே உடுத்தி முடித்துவிட்டேன். ஒன்பது பட்டன் பூட்டியாகிவிட்டது. நடுவில் மூன்று திறந்திருந்தன. ஜன்னல் காற்று முதுகில் சரியாக அந்த இடத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் கசங்குமென்று நின்றேன். அம்மாவின் போட்டோவை மெஷின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். வீடு முழுக்கச் சத்தமே இல்லை. மற்ற வீடுகளில் கல்யாணப் பெண்ணைச் சுற்றி எத்தனை பேர் கத்துவார்கள் என்று யோசித்தேன். எட்டேமுக்கால். ஒன்பது மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது. முந்தானையை இழுத்து முதுகை மூடிப் பார்த்தேன். கையைத் தூக்கினால் நழுவியது. மோதிரம் மாற்ற, கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் கையைத் தூக்க வேண்டும்.

ஒன்பது பத்துக்குக் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம். எட்டிப் பார்த்தேன். முழங்கால் வரை ஈரப்புடவை, கையில் புளியும் சாம்பலும். முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியேறி வந்தாள். அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் அவள் என் அறைக்குள் வந்தது அன்றுதான். இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாரு. நாறுதா?”

நாறத்தான் செய்தது. “இல்லை” என்றேன்.

“பொய் சொல்ற. திரும்பு.”

திரும்பி நின்றேன். “அய்யே, ஒண்ணு தாண்டிப் போட்டுகினு கீறியே” என்று ஒன்பதையும் அவிழ்த்தாள். கீழிருந்து ஆரம்பித்தாள். வலை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல். வளையத்தைப் பார்க்காமலே பிடித்தது. கட்டைவிரல் சொரசொரப்பில் பட்டுநூல் மாட்டி மாட்டி விடுபடுவது எனக்குக் கேட்டது. “மூச்ச இய்த்துப் புடி.” பிடித்தேன். நடுவிலுள்ள மூன்றையும் தாண்டிக் கழுத்துக்கு வந்தபோது அவள் கையை ஒரு நிமிஷம் என் தோளில் வைத்திருந்தாள்.

“உன் சைடுல யாரும் வரலியா?”

“இல்லை.”

“நான் வர்ட்டா கோயிலுக்கு?”

பதில் சொல்ல நேரமிருந்தது. நான் திரும்பி, அவள் ஈரப்புடவையைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

“சும்மா கேட்டேன் மே. கரைல மீன் ஏலம் நடந்துகினு கீது” என்று சொல்லி வேகமாக இறங்கிப் போனாள். இரண்டு நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது.

கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் பக்கத்து பெஞ்சுகளில் ஆபீஸ் மேனேஜரும், போதகர் வீட்டம்மாவும், வழக்கமாக வரும் சில கிழவிகளும் இருந்தார்கள். கையைப் பலமுறை தூக்கினேன். பட்டன் ஒன்றுகூட அவிழவில்லை.

அன்று சாயந்திரம் திருவொற்றியூரில், ஜாக்கெட்டைக் கழற்றவும் ஒரு ஆள் வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அக்கா தானாகவே வந்தாள். “எம்மா, எத்தன பட்டன்! யாரு பூட்டிவிட்டது?” என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்தவள் நடுவில் நின்றாள்.

“ஏட்டி, இது என்னது? சம்கின்னு நெனச்சேன். மீன் செதிலுல்லா!”

நகத்தால் சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு, வெள்ளி நிறம்.

“வர்ற வழியில் கடற்காத்துல ஒட்டியிருக்கும்” என்றேன்.

“அப்போ உடுத்திவிட்டது யாரு?”

“தெரிஞ்சவங்க.”

அன்றைய நாட்குறிப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். வண்டி வந்த நேரம், பாடிய பாட்டுகளின் எண்ணிக்கை, வந்தவர்கள் பட்டியல், என்ன சாப்பாடு. ‘ஜாக்கெட் சரியாக அமைந்தது’ என்று ஒரு வரி. பூட்டிய கையைப் பற்றி எதுவும் இல்லை. மறுவாரம் மீதிச் சாமான் எடுக்க ராயபுரம் போனேன். கீழ்வாசலில் வலை விரித்திருந்தது, அவள் இல்லை. கரைக்குப் போயிருப்பாள். கடற்கரை பத்து நிமிஷ நடைதான். நான் போகவில்லை. ஏப்ரலில் போனபோது அந்தப் போர்ஷனில் வேறு குடும்பம் இருந்தது; எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

விட்டுப்போனதைச் சேர்த்துவிடலாமென்று அந்தப் பழைய நோட்டை இன்று எடுத்தேன். வந்தவர்கள் பட்டியலின் கீழே இடம் இருக்கிறது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நாங்கள் எல்லோரும் அவளை மீன்காரம்மா என்றுதான் சொல்வோம். என் கடிதத்திலும் அப்படித்தான் டைப் அடித்திருந்தேன். பெயரை நான் கேட்டதே இல்லை.