அண்ணனும் ஐந்து அணுகுமுறைகளும்

தபால் வழியில் முதுகலை உளவியல் படிக்கச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஆரம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வீடு சுண்ணாம்புக்குளத்தை அடுத்த மீனவர் குப்பத்தில், கடலோடு சேரும் ஏரியின் கரையில். இரண்டாம் பருவத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உளவியலின் முக்கியக் கோட்பாட்டு அணுகுமுறைகளை, தெரிந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு மதிப்பிட வேண்டும். எடுத்துக்காட்டு வீட்டிலேயே இருந்தார். என் அண்ணன்.

ஐப்பசியில் ஏரியில் அடித்த காற்றில் அண்ணனின் படகு கவிழ்ந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். மற்ற ஐவரும் ஒரு வாரத்தில் தொழிலுக்குத் திரும்பிவிட்டார்கள். அண்ணன் கரைவரை வருவார், வலையைத் தூக்கிக் கொடுப்பார், முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிடுவார், வீட்டுக்குத் திரும்பிவிடுவார். படகில் ஏறமாட்டார்.

எங்கள் ஊரில் ஏரியின் நல்ல இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வரும் நாளில் அந்த இடத்துக்கு உரியவர் தானே போய் வலையில் கை வைக்க வேண்டும். பதில் ஆள் அனுப்பினால் செல்லாது. அண்ணனுக்காகச் சித்திரை முடியும்வரை பொறுத்துக்கொள்வதாக ஊர்க்கூட்டம் சொன்னது. அதற்குள் ஒரு முறையாவது போகாவிட்டால் அடுத்த குலுக்கலில் அவர் சீட்டு இருக்காது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு தொழில் தெரியாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஓர் அணுகுமுறைக்கு எட்டுப் பக்கம் என்று பிரித்தேன். உளப்பகுப்பாய்வில் தொடங்கினேன், பாடப் புத்தகத்தில் அதுதான் முதலில் வருகிறது என்பதால். சிறுவயதில் தண்ணீரைக் கண்டு பயந்ததுண்டா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நைனா என்னைப் படகுலேர்ந்து தூக்கித் தண்ணில போட்டாரு. அஞ்சு வயசு. அப்படித்தான் நீச்சல் கத்துக்கினேன்."

"பயமா இருந்துச்சா?"

"சிரிச்சிக்கினே இருந்தேன்னு அம்மா சொல்லும். எனக்கு இன்னா தெரியும்?"

பயந்தார் என்றால், அந்தப் பயம் இப்போது வெளிவருகிறது என்று எழுதலாம். சிரித்தார் என்றால், பயத்தை உள்ளே அமுக்கிவிட்டார் என்று எழுதலாம். எந்தப் பதில் வந்தால் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வேன் என யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதையே குறையாகக் குறித்தேன்.

உயிரியல் அணுகுமுறைக்காக அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. மத்தியானமும் தூங்க ஆரம்பித்தார். "இதுக்கு அந்தப் படபடப்பே தேவலாம். முழிச்சிக்கினாவது இருந்தாரு" என்றார் அண்ணி. அறிதல் சார்ந்த அணுகுமுறை, பயத்துக்கு அடியில் இருக்கும் எண்ணத்தைத் தேடச் சொல்கிறது. படகில் கால் வைக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஓடல. காலு நின்னுடுது. காலத்தான் கேக்கணும் நீ."

"முப்பத்தஞ்சு வருசத்துல எத்தனை தபா கவுந்துச்சி?"

"ஒரே தபா."

"அப்போ பயப்படக் காரணம் கம்மிதானே?"

"கம்மிதான். நான் இல்லன்னு சொன்னேனா?"

எனக்குப் பிடித்தது நடத்தையியல். பயந்த இடத்தைவிட்டு விலகினால் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பரிசாகி, விலகுவது பழக்கமாகிவிடுகிறது. ஆகவே சிறுசிறு படிகளாக நெருங்க வேண்டும். இதில் எண்ண முடிந்தது. குப்பத்துக்கு எதிரே, வலை கட்ட ஊன்றிய பழைய கழிகள் வரிசையாக ஏரிக்குள் போகின்றன. மாசியில் முதல் கழியில் தொடங்கி, பத்து நாளைக்கு ஒரு கழியாக முன்னேறுவது என்று ஏற்பாடு. அண்ணன் மறுபேச்சில்லாமல் நடந்தார். நான் அலுவலகம் கிளம்பும் முன் கரையில் உட்கார்ந்து தேதி, நேரம், கழியின் எண் மூன்றையும் எழுதினேன். சித்திரை பாதியில் ஏழாவது கழியைத் தொட்டுவிட்டார். வரைபடத்தில் கோடு சீராக ஏறியது. 'பிற அணுகுமுறைகளைவிட நடத்தையியல் மேலானது. அதன் விளைவை அளக்க முடிகிறது' என்று முடிவுரை எழுதி, இறால் உரித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"ஏழாவது கழியா?" என்றார்.

"ஆமா அண்ணி. மாசில அங்க இடுப்புக்கு மேல தண்ணி."

"மாசில. இப்போ?"

நான் நோட்டைப் புரட்டினேன்.

"கடல் முகத்துவாரம் மண்ணு தூந்து ரெண்டு மாசமாவுது. ஏரி வத்திக் கெடக்குது. ஏழாவது கழில ஆடு மேயாத கொறதான். முட்டிக்கு மேல அவரு ஒரு நாளும் நனையல. லுங்கிய தொவைக்கிறது யாரு, நீயா நானா?"

கோடையில் இந்த ஏரி பின்வாங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என் நோட்டில் கழிக்கு ஒரு கட்டம் இருந்தது, ஆழத்துக்கு இல்லை. தண்ணீர் விலக விலக, அண்ணன் அதே முழங்கால் அளவில் அதன் பின்னால் நடந்துபோயிருக்கிறார். நான் வரைந்தது ஏரி வற்றிய வேகத்தை.

அன்று மாலை அவரிடம் கேட்டேன், இது தெரியுமா என்று.

"தெரியாம இன்னா? நீ கரையில குந்திக்கினு அவ்ளோ சந்தோசமா எழுதிக்கினு இருந்த. கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

மனிதநேய அணுகுமுறையில் நிபந்தனையற்ற ஏற்பு என்று ஒன்று உண்டு. அதை நான் அவருக்குத் தர வேண்டும் என்கிறது புத்தகம். இரண்டு மாதமாக அவர்தான் எனக்குத் தந்துகொண்டிருந்தார். அந்த எட்டுப் பக்கத்தில் என்னிடம் இருந்த ஒரே பதிவு இதுதான்.

நான்காம் நாள் அவருடைய முறை, தவணைக்குள் வந்த கடைசி முறை. விடியும்போது படகுக்காரர்கள் ஐவரும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்ணியின் தம்பி.

"மாமா, எப்படியும் படகு தரை தட்டும், எறங்கித் தள்ளணும். நீ ஏறவே வேணாம். கூட நட."

அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இன்னா மாமா, ஆரம்பாக்கம் பஸ்ஸ புடிக்கவா?" என்று படகிலிருந்து ஒருவர் கேட்டார்.

"உன் பாரத்துலதான்டா தட்டுது. எறங்கு நீயும்" என்றார் அண்ணன்.

அதற்கு மேல் கரையிலிருந்து கேட்கவில்லை. நடந்ததை அண்ணியின் தம்பி பிறகு சொன்னார். பாடு இருக்கும் இடத்துக்கு முன்னால், ஏரிக்குள்ளேயே ஆழமான வாய்க்கால் ஒன்று குறுக்கிடுகிறது; கோடையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அங்கே அண்ணன் நின்றுவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு, ஒருவர் பீடி பற்றவைத்தார். அந்தப் பீடி முடியும் முன் அண்ணன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடந்துவிட்டார். அப்புறம் வலையில் கை வைத்தார்.

நடந்து போனது செல்லுமா என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "வலையில கை வச்சானா?" என்று திருப்பிக் கேட்டார் தலைவர். வைத்தான் என்றார்கள். "அப்புறம் இன்னா பேஜாரு? சீட்டுல பேரப் போடு."

கட்டுரையில் முடிவுரையை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அந்த வாய்க்காலை அவர் கடந்ததை விளக்க ஐந்து அணுகுமுறைகளிடமும் ஆளுக்கொரு வாக்கியம் இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட, கடப்பார் என்று முந்தைய நாளே சொல்லியிருக்காது. அண்ணனையே கேட்டேன். "தண்ணி கம்மியா இருந்துச்சி" என்றார். அதையும் சேர்த்து அனுப்பினேன்.

மழை பெய்து முகத்துவாரம் திறந்தால் அந்த வாய்க்காலில் ஆளுக்குக் கால் எட்டாது. கார்த்திகையில் வரும் முறைக்கு நடந்து போக முடியாது; படகில் ஏறித்தான் ஆக வேண்டும். இது அவருக்குத் தெரியும். சென்ற வாரத்திலிருந்து, கரையில் ஏற்றி வைத்த படகுக்குள் உட்கார்ந்து வலை பிரிக்கிறார். அண்ணி டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.