முதற்பதிப்புகளை வாங்கிய கங்காணி

புத்தகம் சேர்க்கும் வியாதி எனக்கு ஈப்போவுக்கு வந்த பிறகுதான் பிடித்தது. ரயில் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வேலை. பினாங்கிலிருந்தும் கப்பலில் மதராசிலிருந்தும் வரும் புத்தகக் கட்டுகள் என் கண்ணில் பட்ட பிறகுதான் கடைக்குப் போகும். முதற்பதிப்பு என்றால் விலை கேட்காமல் வாங்கிவிடுவேன். படிக்கத்தானே புத்தகம், எந்தப் பதிப்பாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களோடு பேச்சையே நிறுத்திவிடுவேன். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களை வீட்டுக்குள் விட்டதில்லை. நான் குடியிருந்த சிலிபினில் எனக்குப் புத்தகப் பைத்தியம் என்று பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். குதிரைப் பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்தவனெல்லாம் அங்கே புத்திசாலியாக உலவிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்தில் நூலாசிரியர்கள் பலர் ஒவ்வொரு பிரதியிலும் தம் கையால் ஒப்பமிடுவார்கள். ஒப்பம் இல்லாதது திருட்டுப் பிரதி என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். களவாக அச்சடித்து விற்கிறவர்களுக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. அப்படி ஒப்பமிட்டவை என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவற்றில் நான் உயிராக வைத்திருந்தது, கெட்டி அட்டைகூட இல்லாத ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம்.

எழுதியவர் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பள்ளிக்கூட வாத்தியார். கப்பலேறி வந்த கதை, காலையில் ஆளெடுக்கும் பிரட்டில் இருட்டோடு பேர் கொடுக்க நிற்பது, மழை நாளில் பால்வெட்டு இல்லாமல் கூலிக்காரர் லயத்தில் அரைப்பட்டினி கிடப்பது, எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டியிருந்தார். ஊரிலிருந்து ஆள்பிடித்து வரும் கங்காணி ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்குவதைப் பற்றியும் ஒரு பாட்டு இருந்தது. தோட்டத்து ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈப்போவில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் அச்சடித்தார்கள். என் பிரதியில் வாத்தியார் என் எதிரில் உட்கார்ந்து ஒப்பமிட்டார். பேனா முள் காகிதத்தைக் கிழித்துவிடுமோ என்று பயந்து பயந்து எழுதினார். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனிதர் முகத்தில் நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து, அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி அந்தப் புத்தகத்தைத் தேடித் தேடி வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். சொந்தமாக மோட்டார் கார் வைத்திருந்த ஆள். லயம் லயமாக ஆள் அனுப்பினார். ஈப்போக் கடைகளில் மீதி இருந்ததையும் அள்ளிக்கொண்டு போனார். எனக்கு ஒரே பூரிப்பு. நம்மைப் போல இன்னொருவருக்கும் இந்த வியாதி வந்துவிட்டதே, அதுவும் கையில் காசுள்ளவருக்கு என்று நினைத்தேன். அவர் என் வீட்டுக்கே வந்தபோது அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை.

"அந்த வாத்தியார் புத்தகம் மட்டும் போதும் கிராணியாரே. என்ன வேணுமோ கேளுங்க, தாரேன்."

"அது விக்கிறதுக்கு இல்லீங்க."

"எல்லாரும் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு லா."

மிச்சம் இருக்கும் ஒரே பிரதி என்னுடையது என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முகம் கறுத்ததை நான் சட்டை செய்யவில்லை.

அந்த வருஷம் சிலிபின் வாசகசாலையில் சரசுவதி பூசை அவர் உபயம். புத்தகம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து அம்மன் முன்னால் அடுக்க வேண்டும். அன்று முழுக்க யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலை மறுபூசை ஆன பிறகுதான் எடுத்துப் படிக்கலாம். சந்தனக் கையும் குங்குமக் கையுமாக நிற்கும் கூட்டத்துக்குள் என் புத்தகங்களைக் கொண்டுபோக எனக்கு இஷ்டமே இல்லை. வாசகசாலைக் காரியதரிசி வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"நம்ம பக்கத்துல எழுதுன புத்தகம் அது ஒண்ணுதான் அண்ணே. அது இல்லாம பூசையா? ஏன் சுசா பண்ணி அலைய வைக்கிறீங்க? அம்மன் என்ன தின்னுடவா போவுது?"

என் மனைவியும் அவரோடு சேர்ந்துகொண்டாள். கலைமகளுக்கே கொடுக்க மனசில்லாதவன் என்ற பேரோடு அந்த ஊரில் குடியிருக்க முடியாது. வெள்ளைத் துணியில் சுற்றி நானே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் தீபாராதனை முடிந்து துணியை அவிழ்த்தேன். உள்ளே வேறு புத்தகம். வழவழவென்ற காகிதம், தங்க எழுத்து அட்டை. முதல் பக்கத்தில் பெரிய கங்காணி தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். அடியில், இந்நூலாசிரியர் என்று போட்டு அவர் பெயர். உள்ளே அதே பாட்டுகள், கங்காணிப் பாட்டு ஒன்றைத் தவிர. வாத்தியார் பெயர் எங்கேயும் இல்லை.

அங்கேயே நின்று கத்தினேன். சுண்டல் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழசு கிழிஞ்சு போயிருந்துச்சு அண்ணே," என்றார் காரியதரிசி. "பூசையில கிழிசல் வைக்கக்கூடாதுன்னு கங்காணி ஐயா புதுசு வச்சிருக்காங்க. பாட்டு அதே பாட்டுதானே?"

"எழுதுனவரு பேரு எங்கய்யா?"

"பூசை நடக்குற எடத்துல சண்டை வேணாம் லா."

பெரிய கங்காணி கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமலே வெளியே போனார். அங்கே நின்றவர்களில் பலர் பழைய புத்தகத்தைப் படித்தவர்கள், வாத்தியாரைத் தெரிந்தவர்கள். எல்லாரும் சுண்டல் தொன்னையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சுண்டல் நன்றாக இருந்தது போலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாருக்கு ரயிலேறினேன். புத்தகம் போனால் என்ன, எழுதியவர் இருக்கிறாரே. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பத்திரிகைக்கு எழுதலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே வசனம் பேசிக்கொண்டு போனேன். அப்போது ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். இங்கே துரையிடம் சொல்லி வாத்தியாருக்கு வேலை போகாமல் பார்த்துக்கொண்டவர் பெரிய கங்காணிதான். அது எனக்கு லயத்தில் வழி கேட்டபோதுதான் தெரிந்தது.

வாத்தியார் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தங்க எழுத்துப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றை எடுப்பார், முதல் பக்கத்தைத் திறப்பார், ஒப்பமிடுவார், மறுபக்கம் வைப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். பெரிய கங்காணியின் பெயர், வாத்தியாரின் அழகான எழுத்தில்.

"அவருக்குக் கைநாட்டுதான் கிராணியாரே," என்றார். "ஒப்பம் இல்லாட்டி திருட்டுப் பிரதின்னுடுவாங்கல்ல."

"உங்க பாட்டுங்க அது."

"பிள்ளைங்க மூணு பேரு இருக்கு."

அவர்மேல் கோபப்படக்கூட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய கோபம். புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

"உங்க பிரதிய எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னாங்க," என்றார். "வெறுங்கையோட போகாதீங்க. உங்க பேரு போட்டு ஒண்ணு தாரேன்."

மேலே என் பெயரை எழுதினார். அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவர் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கங்காணியின் பெயரையே எழுதிக் கொடுத்தார்.