பச்சமுத்துவை மறக்காத கடற்காகங்கள்

என் வீட்டுக்காரர் பச்சமுத்துவைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தது கடற்காகம் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில், எலவனாசூர்கோட்டை ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் அவரும் ஒருவர். வழக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது ஆறு மாசம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமென்று, ரிஷிவந்தியம் பக்கத்து ஏரிக் கோரைக்குள் ஒளிந்துகொண்டார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த ஏரிக்குக் கடற்காகங்கள் வரும். கடலூர்க் கரையில் திரிகிற அதே பறவைதான். வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் கரும்பொட்டு, சிவந்த அலகு. மீன், புழு, செத்தது, எச்சில் எதையும் விடாது. அடுத்த பறவையின் வாயில் இருப்பதையும் பிடுங்கும். இவர் தூண்டிலில் பிடித்த கெண்டையின் குடலை வீசி வீசிப் பழக்கிவிட்டார்.

சோறு கொண்டுபோனபோது திட்டினேன். "யோவ், நீ ஒளிஞ்சிக்கினு இருக்கியா, கோழி வளத்துக்கினு இருக்கியா?"

"இன்னாடி பண்றது? பேச வேற ஆளு இல்ல," என்றார்.

கார்த்திகையில் ஒருநாள் கரையில் போன போலீஸ்காரர்கள், ஒரே கோரைத் திட்டின் மேல் அத்தனை பறவையும் கத்திக்கொண்டு சுற்றுவதைக் கண்டு எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இவர், கையில் மீன்குடலோடு.

கூட வெட்டியது யார் யார் என்று கேட்டு அடித்தார்கள். "நான்தாங்க வெட்டனேன்" என்பதைத் தவிர ஒரு பேர் அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்கள் ஊர் ஆம்பிளைகள் அந்தப் பொங்கலுக்கு வீட்டில் இருந்தார்கள் என்றால் இவரால்தான். இதை எந்தச் சபையிலும் நிமிர்ந்து சொல்வேன்.

மார்கழியில் மகள் தமிழ்மொழி பிறந்தாள். பங்குனியில்தான் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. தாடியும் எலும்புமாக வந்து நின்றவரைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது. தொடவே விடவில்லை. அடிபட்டும் அழாத மனுஷன் அப்போது கண் கலங்கினார்.

"வா, ஏரி வரைக்கும் போயிட்டு வரலாம்," என்றார்.

அங்கே கடற்காகங்களின் தலையெல்லாம் காப்பிப்பொடி நிறமாகியிருந்தது. வடக்கே பனிமலைக்கு அப்பால் போய்க் குஞ்சு பொரிக்கிற பருவம் வந்தால் அப்படி மாறுமாம்.

"உன் மூஞ்சும் மாறிப்போச்சு, இதுங்க மூஞ்சும் மாறிப்போச்சு. இதுங்களுக்கு உன்ன எங்க ஞாபகம் இருக்கப்போவுது?" என்றேன்.

அவர் குடலை வீசுகிற மாதிரி கையை வீசினார். ஒன்று திரும்பியது. பிறகு கூட்டமே வந்து அவர் தலைக்கு மேல் சுற்றியது. என் இடுப்பில் இருந்த குழந்தை அழுகையை விட்டு அண்ணாந்து பார்த்தது.

அவற்றுக்குப் போட அவர் கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கையில் பிள்ளையைக் கொடுத்தேன். அவள் அழவில்லை.