கால் தோசை

நான்காம் வகுப்புக்குப் பின்னம் நடத்த, சமையலறையில் ஒரு தோசையை நான்காக வெட்டி விளக்கி, செல்போனில் வீடியோ எடுத்தேன். எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் போடும் பாடங்களை எடுத்துக்கொள்வதோடு சரி, நான் எதையும் போட்டதில்லை. அன்று காலை அவசரத்தில் முதல் முறையாக என்னுடையதை அனுப்பிவிட்டேன்.

சிட்லபாக்கத்திலிருந்து பள்ளிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அதைப் போட்டுக் கேட்டபோதுதான் கவனித்தேன். "இது கால் பங்கு" என்று நான் சொல்லும்போது, பின்னால் என் மகள், "எனக்குத் தோச!" என்று அழுகிறாள். நான் பாட்டுக்குப் பாடம் நடத்துகிறேன். பசிக்கு அழும் குழந்தையைக் கவனிக்காதவள் என்று நினைப்பார்களோ? அழித்தால் இன்னும் தப்பாகத் தெரியுமோ?

மதியம், கூடுவாஞ்சேரியில் வேலை பார்க்கும், நான் நேரில் பார்த்திராத ஒரு ஆசிரியையின் குரல்பதிவு வந்தது.

"மிஸ், க்ளாஸ்ல போட்டேன், பசங்களுக்கு நல்லா புரிஞ்சுது. ஆனா பாப்பாவுக்குத் தோச கெடச்சுதான்னு கேட்டு உயிர வாங்குறாங்க. சீக்கிரம் சொல்லுங்க!"

"வீடியோ முடிஞ்சதும் முக்கால்வாசி அவதான் சாப்பிட்டா மிஸ். மிச்சம் எனக்கு."

"சூப்பர்! உங்களுக்கு எவ்ளோ கெடச்சுதுன்னு அதையே அடுத்த கணக்கா குடுத்துடறேன்."

வீடியோவை நான் அழிக்கவில்லை.